வெள்ளம் வடிந்த பிறகு, தீ அணைந்த பிறகு: குதிரைக்கும் அதை வைத்திருப்பவருக்கும் என்ன உதவி செய்யலாம்?

கேள்வி இதுதான்: பெரிய வெள்ளமோ புயலோ காட்டுத்தீயோ வந்து போன இடத்தில் குதிரைகள் பரிதாபமாக நிற்பதைச் செய்தியில் பார்க்கிறோம். நாலைந்து பேர் சேர்ந்து தீவனம் வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாமா, முடிந்தால் ஒன்றிரண்டு குதிரைகளைக் கூட்டிவந்து எங்கள் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா?

போகலாம், ஆனால் நாளைக் காலையே கிளம்ப வேண்டாம். முதல் மூன்று நாள் எல்லோரும் வருவார்கள், கேமராவும் வரும், ரொட்டியும் கேரட்டும் மூட்டை மூட்டையாக வரும். மூன்றாவது வாரம் போய்ப் பாருங்கள், ஒருவரும் இருக்க மாட்டார்கள். குதிரைக்கு வரும் தொல்லைகளில் பாதி, ஆபத்திலிருந்து வெளியே வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. குதிரைக்காரருக்கு அது இன்னும் பல மாதம் இழுக்கும். அதனால் உங்களால் முடிந்ததை முதல் வாரத்திலேயே கொட்டித் தீர்த்துவிடாமல், கொஞ்சத்தைப் பிற்பாடு தேவைப்படும்போது கொடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் இதை ஒட்டித்தான்.

முதலில் மீட்பு. 2024 மே மாதம் பிரேசிலின் ரியோ கிராண்டி டோ சுல் மாநில வெள்ளத்தில், கனோவாஸ் நகரில் ஒரு வீட்டுக் கூரைமேல் தனியாக நின்ற குதிரையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கராமெலோ என்று பெயர் வைத்தார்கள். சுற்றிலும் தண்ணீர், காலுக்குக் கீழே வழுக்குகிற சாய்ந்த கூரை, ஏறக்குறைய நான்கு நாள் அப்படியே நின்றது. அதை மீட்டவர்கள் கயிறு போட்டு இழுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தீயணைப்புத் துறையினரோடு கால்நடை மருத்துவர்களும் படகில் போனார்கள், மயக்க ஊசி போட்டார்கள், படுக்க வைத்து ரப்பர் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பயந்துபோன குதிரை ஒரு துள்ளு துள்ளினால் படகும் போகும், உள்ளே இருப்பவர்களும் போவார்கள், அதனால்தான் அந்த ஊசி.

ஆகவே சேற்றில், பள்ளத்தில், இடிபாட்டில் சிக்கிய குதிரையை மீட்கப் பயிற்சி இல்லாதவர்கள் இறங்கக் கூடாது. ஆட்கள் வரும்வரை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கூட்டத்தை விலக்குங்கள், சத்தத்தைக் குறையுங்கள், படுத்திருக்கும் குதிரையை முதுகுப் பக்கமாகவே நெருங்குங்கள், நான்கு கால்களுக்கு இடையில் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். தலைக்கடியில் துணியோ சாக்கோ மடித்து வைத்தால் தரையில் உரசும் கண்ணுக்குப் பாதுகாப்பு. அருகில் பழக்கமான இன்னொரு குதிரையை நிறுத்த முடிந்தால் பாதிப் பதற்றம் அதிலேயே அடங்கும். கழுத்தில், வாலில், ஒற்றைக் காலில் கயிறு கட்டி டிராக்டரால் இழுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சேறு உறிஞ்சிப் பிடித்திருக்கும்போது அந்த விசை முழுவதும் மூட்டிலும் தண்டுவடத்திலும் போய் இறங்கும். அகலமான பட்டையை உடம்பைச் சுற்றிப் போட்டு, குளம்பைச் சுற்றித் தண்ணீரோ காற்றோ செலுத்திச் சேற்றின் பிடியைத் தளர்த்தி எடுப்பதுதான் முறை.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும், ஏதாவது தின்னக் கொடுக்கலாமே என்று. பொறுங்கள், தண்ணீர்தான் முதலில். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை சாதாரண நாளிலேயே 20 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் இன்னும் அதிகம். தண்ணீர் குறைந்தால் வயிற்றுக்குள் இருக்கும் நார் இறுகிக் குடல் அடைபடும். மற்ற விலங்குகளுக்கு வயிற்றுவலி ஒரு தொந்தரவு, குதிரைக்கு அது உயிர் போகிற விஷயம், ஏனென்றால் அதற்கு வாந்தி வராது, உள்ளே போனது அந்த நீண்ட குடல் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். தரையைக் காலால் கொத்துவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, சாணம் போடாமல் இருப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நம் கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

கடலோரப் புயலில் இன்னொரு சிக்கல் உண்டு. கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டால் குட்டை, கிணறு, மேய்ச்சல் நிலம் எல்லாம் உப்பாகிவிடும். 2008-இல் ஐக் புயல் டெக்சாஸ் கரையைத் தாக்கியபோது கால்நடைகள் தப்பி நின்ற இடத்தில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. தாகம் தாங்காமல் உப்பு நீரைக் குடித்த விலங்குக்கு ஒரேயடியாகத் தொட்டி நிறைய நல்ல தண்ணீரைக் காட்டுவதும் ஆபத்து, மூளையில் நீர் கோத்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு, முடிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்க வேண்டும். ஊருக்குள் தண்ணீர் லாரி அனுப்ப உங்களால் முடியும் என்றால், முதல் வாரத்தில் அதைவிட உருப்படியான உதவி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் தீவனம். ஒன்றிரண்டு நாள் சாப்பிடாத குதிரை வேறு, வாரக்கணக்கில் சரியாகத் தின்னாமல் எலும்பும் தோலுமாக நிற்கும் குதிரை வேறு. முதலாவதுக்கு நல்ல காய்ந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் வழக்கமான அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். இரண்டாவதில்தான் நல்ல எண்ணமே குதிரையைக் கொல்கிறது. பட்டினி கிடந்த உடம்பில் தானியமும் வெல்லமும் போனால் இன்சுலின் சட்டென்று ஏறும், ரத்தத்திலுள்ள பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும், இதயமும் மூச்சும் தடுமாறும். சாப்பிட ஆரம்பித்த மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாளுக்குள் இப்படிச் சாகிற குதிரைகள் உண்டு. பார்ப்பவர்களுக்குப் புரியாது, நன்றாகத்தானே தின்றுகொண்டிருந்தது என்பார்கள்.

இதற்கு டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து ஒரு முறை சொல்லியிருக்கிறார்கள், உலகம் முழுக்கப் பயன்படுகிறது: முதல் மூன்று நாள் நல்ல குதிரை மசால் (அல்பால்பா) உலர்புல், ஒரு தடவைக்கு அரைக் கிலோதான், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. அதாவது நாளுக்கு மூன்று கிலோ. அதற்குப் பிறகு அளவை மெதுவாகக் கூட்டி, தடவைகளைக் குறைத்துக்கொண்டே போய்ப் பத்து நாளில் வழக்கத்துக்குக் கொண்டுவருவது. தானியம், தவிடு, ஓட்ஸ் எதுவும் ஆரம்பத்தில் கிடையாது. நள்ளிரவில் எழுந்து அரைக் கிலோ புல் போட்டுவிட்டு வந்து படுப்பதற்கு ஆள் வேண்டும். வீடிழந்து முகாமில் இருக்கும் குதிரைக்காரரால் அது முடியாது. உங்கள் நாலைந்து பேரில் இரண்டு பேர் இந்த முறைவேலையை ஏற்றுக்கொண்டால் நீங்கள் கொண்டுபோகும் மூட்டைகளைவிட அது பெரிது.

எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நனைந்து சடை பிடித்த ரோமத்துக்குள் விலா தெரியாது. விலா, தோள் பின்புறம், வால் தொடங்கும் இடம், கழுத்து இவற்றை விரலால் அழுத்தித் தடவிப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று 1983 முதல் இருக்கிறது, ஹென்னெக்கி அளவுகோல் என்பார்கள். 5 என்றால் சரியான உடம்பு. 1, 2 வந்தால் பட்டினி கிடந்த குதிரைக்கு மேலே சொன்ன தீவன முறைதான், வேறு பேச்சே இல்லை.

வெள்ளத்தில் நனைந்த புல்லைக் காயவைத்துப் போடலாமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். கூடாது. பூஞ்சை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, ஈரக்கட்டுக்குள் செத்த எலி, பாம்பு ஏதாவது மாட்டியிருந்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம், குதிரை அந்த நஞ்சுக்குக் கொஞ்சமும் தாக்குப்பிடிக்காது. நாக்கு தொங்கும், விழுங்க முடியாது, அப்புறம் எழுந்து நிற்கவும் முடியாது. போதாக்குறைக்கு நனைந்து அடுக்கிய கட்டுகள் உள்ளுக்குள் சூடேறித் தானே தீப்பிடிக்கும். எனவே நனைந்ததை லாயத்திலிருந்து தள்ளித் திறந்தவெளியில் கொட்டுங்கள். இதைச் சுமந்து வெளியே போடுவதும் உதவிதான், யாரும் போட்டோ எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

வெள்ளநீரில் நின்ற குதிரையைச் சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டு முழுக்கக் கழுவி உலர்த்தணும். அந்த நீரில் சாக்கடையும் எண்ணெயும் பூச்சிமருந்தும் கலந்திருக்கும். கழுவும்போதே கையால் தடவிக் காயம் தேடுங்கள், மார்பு, தொடை உள்பக்கம், குளம்புக்கு மேலே உள்ள பள்ளம் எல்லாம். சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாத பிராணி குதிரை, டெட்டனஸுக்கு அது போல எளிதில் பலியாகும் வீட்டு விலங்கு வேறில்லை. காயம் இருந்து, கடைசித் தடுப்பூசி போட்டு ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் உடனே இன்னொன்று போடுவதுதான் வழக்கம். எப்போது போட்டது என்றே தெரியாவிட்டால் மருத்துவரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள், அதற்கும் ஏற்பாடு உண்டு.

குளம்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். நாள்கணக்கில் தண்ணீரில் ஊறிய குளம்பு மென்மையாகிவிடும், லாடம் கழன்றுபோகும், அடியில் கறுத்து அழுகி நாற்றம் வரும். அந்த மெத்தென்ற குளம்போடு ஆணியும் தகரமும் சிதறிக் கிடக்கும் நிலத்தில் நடந்தால் என்ன ஆகும்? ஆணி ஏறும். ஏறிய ஆணியைப் பார்த்ததும் பிடுங்கிவிடத்தான் தோன்றும். முடிந்தால் பிடுங்காதீர்கள். குதிரையை நகரவிடாமல் நிறுத்தி மருத்துவர் வரும்வரை காத்திருங்கள், ஆணி எந்தத் திசையில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்தால்தான் மூட்டைத் தொட்டிருக்கிறதா என்று தெரியும். நகராமல் இருக்க வழியே இல்லை, இன்னும் உள்ளே இறங்கிவிடும் என்றால் மட்டும் எடுங்கள், எடுத்த இடத்தைப் பேனாவால் குறித்து, ஆணியையும் எறியாமல் வைத்திருங்கள். மேய்ச்சல் நிலத்தில் காந்தம் கட்டிய கம்பியை இழுத்துக்கொண்டு நடந்து இரும்பைப் பொறுக்குவது சலிப்பான வேலை, ஆனால் லாடம் கட்டுபவரைக் கேட்டால் அதைத்தான் முதலில் செய்யச் சொல்வார்.

தண்ணீர் வடிந்து இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த அலை வரும். கொசு பெருகும், அதோடு மூளைக்காய்ச்சல் வகை நோய்கள். தேங்கிய நீரில் நின்ற குதிரையின் காலிலோ வயிற்றடியிலோ ஒரு புண் ஆறாமல் பெருத்துக்கொண்டே போய், உள்ளே மஞ்சளாகக் கல் மாதிரித் துணுக்குகள் தென்பட்டால் அது பித்தியோசிஸ் ஆக இருக்கலாம். வெப்பமான ஊர்களின் தேங்கிய நீரில் வாழும் ஒரு நுண்ணுயிரால் வருவது, தாமதித்தால் அறுத்தாலும் தீராது. எலி சிறுநீர் கலந்த நீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் சில குதிரைகளுக்குப் பிற்பாடு கண்ணைப் பாதிக்கும். இதெல்லாம் வரும் சமயத்தில் தன்னார்வ மருத்துவக் குழுக்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிருக்கும். உங்கள் பணத்தில் ஒரு பங்கை இந்த வாரங்களில் கால்நடை மருத்துவர் வந்துபோகும் செலவுக்கென்று ஒதுக்கச் சொல்வது இதனால்தான்.

தீ விஷயம் வேறு மாதிரி. 2017 டிசம்பரில் கலிபோர்னியாவில் லைலக் தீ சான் லூயிஸ் ரே டவுன்ஸ் என்ற பந்தயக்குதிரைப் பயிற்சி மையத்துக்குள் புகுந்தது. அங்கே ஏறக்குறைய 500 குதிரைகள். ஏற்றிப்போக நேரமில்லாமல் கதவுகளைத் திறந்து விரட்டிவிட்டார்கள். 46 குதிரைகள் இறந்தன. பயந்த குதிரை தனக்குப் பாதுகாப்பென்று பழகிய இடத்துக்கே, அதாவது எரிகிற லாயத்துக்கே, திரும்பி ஓடும். குதிரையை வெளியே விட்டால் பின்னால் கதவைச் சாத்து என்று தீயணைப்பில் பழகியவர்கள் சொல்வது இதனால்தான். நைலான் ஹால்டரை, அதாவது தலையில் மாட்டும் பட்டையை, மாட்டி விடவும் கூடாது, சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், தோல் பட்டையோ பருத்தியோதான் சரி.

தீயிலிருந்து தப்பிய குதிரை முதல் நாள் பார்க்க நன்றாகவே இருக்கும். அதை நம்ப வேண்டாம். புகை உள்ளே செய்த சேதம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் இருமலாக, மூக்கிலிருந்து வடிதலாக, வேகமான மூச்சாகத் தெரியும், நிமோனியா அதற்கும் பின்னால் வரலாம். சும்மா நிற்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள், 30-ஐத் தாண்டினால், மூக்குத்துளை விரிந்தே இருந்தால், மருத்துவரை வரச் சொல்லுங்கள். புல்லை நனைத்துக் கொடுங்கள், தூசு குறையும். மூச்சுக்குழாய் ஆற 4 முதல் 6 வாரம் பிடிக்கும், அதுவரை ஓட்டம், பாரம், சவாரி எதுவும் கூடாது என்பார்கள். சொல்வது சுலபம், அந்தக் குதிரையை நம்பி அடுப்பெரியும் வீட்டில் ஆறு வாரம் என்ன செய்வார்கள்? அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தீப்புண்ணில் ஒரு நுணுக்கம்: எவ்வளவு ஆழம் என்பது முதல் நாளில் தெரியாது, நாள் போகப் போகத்தான் செத்த தோல் எது, பிழைத்த தோல் எது என்று பிரியும். சூடான தரையில் ஓடிய குதிரைக்குக் குளம்பும் ரோமமும் சேருகிற வளையத்தைத் தினமும் பாருங்கள். அங்கே வீங்கி, நீர் கோத்து, பிளவு தெரிந்தால் உள்ளே குளம்பு பிரிய ஆரம்பித்திருக்கும், முழுவதும் கழன்றுவிடவும் கூடும். கண் சிவந்திருக்கிறது என்று வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு கண் மருந்தை விடாதீர்கள், அதில் ஸ்டீராய்டு இருந்து, விழியில் புண்ணும் இருந்தால், கண் போய்விடும். சுத்தமான உப்புக் கரைசலால் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எரிமலைச் சாம்பல் அபூர்வம், ஆனால் ஒரு வரி. சாம்பல் படிந்த புல்லில் புளோரைடு இருக்கலாம். 1783-இல் ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை வெடித்த பிறகு அந்த நாட்டுக் குதிரைகளில் பாதியோ அதற்கு மேலோ அழிந்தன. சாம்பல் விழுந்தால் மேய்ச்சலை நிறுத்தி, மூடிவைத்த புல்லும் மூடிய தொட்டித் தண்ணீரும்தான் கொடுக்கணும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, குதிரையைக் கூட்டிவந்து வைத்துக்கொள்வது. உரிமையாளர் கேட்டுக்கொண்டால் மட்டும். தெருவில் தனியாகத் திரியும் குதிரை கைவிடப்பட்ட குதிரை என்று அர்த்தமில்லை, மூன்று தெரு தள்ளி அதன் சொந்தக்காரர் முகாமில் பதிவு வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம். நல்லவர் ஒருவர் ஏற்றிக்கொண்டு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விட்டால் அப்புறம் தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். சந்தர்ப்பம் பார்த்து உதவிக்கு வந்தவர் வேஷத்தில் குதிரை திருடுகிறவர்களும் உண்டு, ஊர்க்காரர்கள் உங்களை முதலில் சந்தேகமாகப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கண்டெடுத்த குதிரையை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, எங்கே எப்போது கிடைத்தது என்று எழுதி, உள்ளூர் நிர்வாகத்திலோ கால்நடைத் துறையிலோ பதிவு செய்யுங்கள். மைக்ரோசிப் படிக்கும் கருவி இருந்தால் கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்குக் கொஞ்சம் கீழே, நடுக்கழுத்தில் வைத்துப் பாருங்கள், வழக்கமாக அங்கேதான் போடுவார்கள். பந்தயக் குதிரைகளுக்கு மேலுதட்டைப் புரட்டினால் உள்ளே பச்சை குத்திய எண் இருக்கலாம். எதுவும் இல்லையென்றால் நெற்றிச் சுழி, கழுத்துச் சுழி, முகவெள்ளை, கால்வெள்ளை, பழைய தழும்பு. சர்வதேசக் குதிரைப் பாஸ்போர்ட்டிலேயே சுழிகளைப் படத்தில் குறிக்கிறார்கள். இணையத்தில் படம் போடும்போது ஒரு அடையாளத்தை மட்டும் மறைத்து வையுங்கள். என்னுடையது என்று வருபவர் அதைத் தானாகச் சொல்லட்டும். 2005-இல் கத்ரீனா புயல் அடித்த லூசியானாவில் குதிரைகளுக்குத் தொற்று ரத்தசோகைப் பரிசோதனைக்காக நிரந்தர அடையாளம் இருக்க வேண்டும் என்று முன்பே விதி இருந்தது. நோய்த் தடுப்புக்குப் போட்ட விதி, புயலுக்குப் பிறகு குதிரைகளைச் சொந்தக்காரரிடம் சேர்க்க உதவியது.

அதே கத்ரீனாவில் நாயை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று வெள்ளத்திலேயே தங்கியவர்களைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் 2006-இல் செல்லப்பிராணிகளையும் வெளியேற்றத் திட்டத்தில் சேர்க்கும் சட்டம் வந்தது. அதில் வீட்டுச் செல்லங்களும் உதவி விலங்குகளும் உண்டு, குதிரை அந்த வரையறைக்குள் வரவில்லை. நாயோடு முகாமுக்குப் போகலாம், குதிரையோடு போனால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதனால் பெரும்பாலான இடங்களில் கண்காட்சித் திடல், பந்தய மைதானம், சவாரிப் பள்ளி இவைதான் குதிரை முகாமாகின்றன.

அப்படிப்பட்ட முகாமில் வேலை செய்யப் போனால் தொற்றை நினைவில் வையுங்கள். எங்கெங்கிருந்தோ வந்த, பதறிப்போன, எதிர்ப்புசக்தி குறைந்த குதிரைகள் ஒரே கூரையின்கீழ் நிற்கும். தொண்டைக் கட்டி வரவழைக்கும் ஸ்ட்ராங்கிள்ஸ் ஒரு வாளி வழியாகவே பரவும். ஒவ்வொரு குதிரைக்கும் தனி வாளி, தனித் தூரிகை, தண்ணீர்க் குழாயின் முனையை வாளிக்குள் முக்காமல் மேலிருந்து ஊற்றுவது, காலையும் மாலையும் வெப்பநிலை. 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம், 38.5-க்கு மேல் போனால் தனியே நிறுத்த வேண்டும். பொலிகுதிரையைப் பெட்டைகளின் பக்கமே கட்டக் கூடாது, குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. ஒவ்வொரு கொட்டில் வாசலிலும் ஒரு அட்டை: குதிரையின் பெயர், உரிமையாளர் போன், என்ன தின்னும், என்ன மருந்து, கடிக்குமா உதைக்குமா. கடைசிக் கேள்விக்கு எல்லாக் குதிரைக்காரரும் “சாது” என்றுதான் சொல்வார்கள், இருந்தாலும் எழுதி வாங்குங்கள்.

சரி, குதிரைக்காரர். 2020 ஜனவரியில் பிலிப்பைன்ஸில் தால் எரிமலை வெடித்தபோது தீவை விட்டு ஓடிவந்த மக்கள், காவலர் தடுத்தும், சாம்பல் கொட்டிக்கொண்டிருக்கும்போதே சிறு படகுகளில் திரும்பிப் போய்க் குதிரைகளை ஏற்றிவந்தார்கள். சுற்றுலாப் பயணிகளை எரிமலை மேல் ஏற்றிப்போய்ப் பிழைத்தவர்கள் அவர்கள். குதிரை போனால் பிழைப்பு போச்சு. உயிரைவிடக் குதிரை பெரிதா என்று டிவி பார்த்துக்கொண்டு கேட்பது சுலபம். வண்டி இழுக்கும், செங்கல் சுமக்கும், சுற்றுலாவுக்கு நிற்கும் குதிரையை வைத்திருப்பவருக்கு அந்தக் குதிரைதான் முதலீடு, வருமானம், சில சமயம் கடனுக்கு ஈடும்கூட.

அவர் காயம்பட்ட குதிரையை இரண்டாவது வாரமே வண்டியில் பூட்டினால், கொடுமைக்காரர் என்று படம் எடுத்துப் போடுவதற்கு முன்னால் யோசியுங்கள். ஓய்வு கொடு என்று சொல்லும் மருத்துவர் ஓய்வுக்காலத்துக் கூலியைக் கொடுப்பதில்லை. அதை நீங்கள் கொடுக்கலாம். ஆறு வாரத் தீவனமும், வீட்டுக்கு ஒரு சிறு தொகையும், லாடம் கட்டும் செலவும் உறுதியாகக் கிடைக்கும் என்று தெரிந்தால் அவரே குதிரையைக் கட்டிப்போட்டு வைப்பார், யாரும் புத்தி சொல்ல வேண்டாம். புத்திமதியோடு வந்து பணம் இல்லாமல் திரும்பிப் போன உதவிக் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த ஊரில் அடுத்த குழுவுக்குக் கதவு திறக்காது. இடிபாடு அள்ள வண்டிக்குக் கூலி அதிகம் கிடைக்கிற சமயம் வேறு அது. வேலைக்குத் திரும்பும்போதும் பாதிப் பாரம், பாதி நேரம் என்று ஆரம்பிக்க வேண்டும், மெலிந்த முதுகில் பழைய சேணமும் சேணப்பட்டையும் பொருந்தாமல் உராய்ந்து புண்ணாக்கும். தடிமனான மெத்தைத் துணி ஒன்று வாங்கிக் கொடுத்தால்கூடப் போதும்.

பொருளாகக் கொடுப்பதா, பணமாகவா? அந்தப் பகுதியில் தீவனக் கடை திறந்திருந்தால் பணம் அல்லது கடையில் மாற்றிக்கொள்ளும் சீட்டு. வெளியிலிருந்து லாரி லாரியாக இலவசப் புல் வந்து இறங்கினால், வெள்ளத்தில் அடிபட்டு மறுபடி கடை திறந்த உள்ளூர் வியாபாரி இரண்டாவது முறை அடிபடுவார், அடுத்த மாதம் குதிரைக்காரர் யாரிடம் வாங்குவார்? கால்நடைகளுக்கான பேரிடர்கால வழிகாட்டியாக 2009 முதல் வெளிவரும் லெக்ஸ் கையேடும் வாழ்வாதாரத்தைக் காப்பாற்றுவதைத்தான் மையமாக வைக்கிறது. கடையே இல்லை, சாலையே இல்லை என்றால் மட்டும் பொருள். அப்போதும் அங்கே என்ன புல் பழக்கம் என்று கேட்டு அதையே வாங்குங்கள், தீவனம் சட்டென்று மாறினாலே குதிரைக்கு வயிறு கெடும். நாளுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம், அதாவது 500 கிலோ குதிரைக்கு ஏழரை முதல் பத்துக் கிலோ காய்ந்த புல் என்று கணக்குப் போட்டால் நீங்கள் கொண்டுபோகும் ஒரு வண்டி எத்தனை குதிரைக்கு எத்தனை நாள் வரும் என்பது தெரிந்துவிடும். பழைய ரொட்டி, அழுகும் காய்கறி, பெயர் தெரியாத மருந்துப் பெட்டி வேண்டாம். காலியான சுத்தமான வாளிகள், கயிறு, தோல் ஹால்டர், தெர்மாமீட்டர், கட்டுத்துணி, தார்ப்பாய் இதெல்லாம் எப்போதும் போதாது.

காப்பாற்ற முடியாத குதிரையும் இருக்கும். அந்த முடிவு உரிமையாளரும் மருத்துவரும் எடுப்பது, நாம் ஓரமாக நிற்க வேண்டும், செல்போனை உள்ளே வைக்க வேண்டும். ஊசி போட்டுத் தூங்கவைத்த குதிரையின் உடலை அப்படியே விட்டால் அதைத் தின்னும் நாயும் கழுகும் அந்த மருந்தாலேயே சாகும், ஆகவே கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி ஆழமாகப் புதைக்கணும். வீடே போன ஒருவரிடம் ஜேசிபிக்கு வாடகை கொடுக்கப் பணம் இருக்காது. கேட்கக் கூச்சப்படுவார், நீங்களாகவே ஏற்பாடு செய்துவிடுங்கள்.

ஆக, நாளைக் காலை வண்டி எடுப்பதற்குப் பதிலாகப் போனை எடுங்கள். அந்த ஊர்க் கால்நடை மருத்துவர் ஒருவர், லாடம் கட்டுபவர் ஒருவர், குதிரை வைத்திருப்பவர் இரண்டு பேர், இவர்களைப் பிடித்தால் போதும். உழைக்கும் குதிரை, கழுதைகளுக்காகவே 1934-இல் கெய்ரோவில் தொடங்கிய ப்ரூக் மாதிரியான அமைப்பு அங்கே வேலை செய்கிறதா என்றும் விசாரியுங்கள், இருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள்வது உத்தமம். எத்தனை குதிரை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, என்ன புல், ராத்திரி யார் பார்த்துக்கொள்கிறார்கள், யாருக்கு வேலை நின்றுபோய்விட்டது என்று கேளுங்கள். கையில் இருக்கும் பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு இப்போது தண்ணீருக்கும் புல்லுக்கும், ஒரு பங்கு மூன்றாவது வாரம் மருத்துவருக்கும் லாடத்துக்கும், ஒரு பங்கு இரண்டாவது மாதம் இன்னும் பூட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கும் குதிரைகளின் வீடுகளுக்கு. உங்களில் ஒருவர் அந்த மூன்று தடவையும் போன் செய்து விசாரிக்கும் பொறுப்பை இப்போதே ஏற்றுக்கொள்ளட்டும்.